வீட்டிலும் தெருவிலும் கற்கும் விசுவாசம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் இரவில் குடும்ப ஜெபம் நடக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஒரு கடமையாகவே தெரிகிறது. அன்றாட வேலைகளின் நடுவிலேயே விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும் என்று போதகர் சொல்கிறார். துணி துவைப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் என்ன பாடம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. – ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் போதகர் சொல்வது மிகப் பழைய கட்டளை. கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கும்படி வேதாகமத்தில் உபாகமம் 6ஆம் அதிகாரம் சொல்லும்போது, அதற்கென்று காட்டுகிற நேரங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம், வழியில் நடக்கும் நேரம், படுக்கும் நேரம், எழுந்திருக்கும் நேரம் ஆகியவையே. குடும்ப ஜெபத்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அந்த நேரத்தின் மீது மட்டும் முழுப் பாரத்தையும் சுமத்தாதீர்கள்.

ஆண்டவர் இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று சுவிசேஷகர் லூக்கா எழுதுகிறார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பகுதி நாசரேத்து என்னும் சிற்றூரில், ஒரு தச்சனுடைய குடும்பத்தில் கழிந்தது. மூன்று படி மாவில் அடக்கிவைத்த புளித்த மாவு, பழைய வஸ்திரத்தில் போட்ட புதுத் துணியின் ஒட்டு, நள்ளிரவில் அப்பம் கேட்டுக் கதவைத் தட்டும் சிநேகிதன், பிள்ளைகளோடு படுத்துவிட்டேன் என்று உள்ளேயிருந்து பதில் சொல்லும் வீட்டுக்காரன் என அவர் பிற்பாடு சொன்ன உவமைகளில் வருபவை, வீட்டு வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவருக்கே தோன்றக்கூடியவை.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் பெண்ணைச் சற்று கவனியுங்கள். பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்று தொலைந்ததும் அவள் விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கிடைக்கும்வரை தேடுகிறாள், கிடைத்த பின் சிநேகிதிகளையும் அயல்வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். பாவியைத் தேடுகிற தேவனுடைய அன்பைக் காட்ட ஆண்டவர் தெரிந்துகொண்டது, கையில் துடைப்பத்தோடு குனிந்து நிற்கும் ஒரு குடும்பப் பெண்ணை! உங்கள் மகன் தொலைத்த பொருளை அவனோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடும்போது நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அது கிடைத்து அவன் முகம் மலரும் வேளையில், 'நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது ஆண்டவருக்கும் இப்படித்தான் இருக்குமாம்' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பிரசங்கம் வைத்தால், பிள்ளைகள் நம்மிடம் எதையும் சொல்லவே தயங்குவார்கள்.

எல்லா வேலையிலும் பாடம் ஒளிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்துக் கார்மேல் துறவற சபை மடம் ஒன்றில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ், இயல்பிலேயே அடுக்களை வேலையை விரும்பாதவர். ஆனாலும் பல ஆண்டுகள் அதையே செய்தார். அவர் பாத்திரங்களுக்குள் தத்துவம் தேடிக்கொண்டிருக்கவில்லை. தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வோடு அந்த வேலையைச் செய்தார், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் உங்களுக்குள் வேரூன்றினால், பிள்ளைகள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். தம் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் அப்போஸ்தலன் பவுல், அது முந்தி அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று நினைவுகூருகிறார்.

இன்னும் ஒன்று. கோபத்தில் பிள்ளையிடம் வரம்பு மீறிப் பேசிவிட்ட நாளில், சாக்குப்போக்கு எதுவும் சேர்க்காமல் 'நான் பேசியது தவறு, என்னை மன்னித்துவிடு' என்று அவன் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். மனந்திரும்புதல் என்றால் என்னவென்று வேறு எந்த வகுப்பிலும் அவன் இவ்வளவு தெளிவாகப் படிக்கப்போவதில்லை.

கேள்வி: எங்கள் சபையில் ஒரு குடும்பத்துக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் வந்தன. 'இதிலிருந்து நாம் பாடம் கற்க வேண்டும். ஏதோ மறைவான பாவம் இருக்கிறது' என்று சிலர் பேசுகிறார்கள். இப்படிச் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைப்பதை ஆண்டவர் வெளிப்படையாக மறுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார். பிறவிக் குருடனைக் கண்டு 'யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா' என்று சீஷர்கள் கேட்டபோதும் அவருடைய பதில் 'இவனும் அல்ல, இவர்களும் அல்ல' என்பதாகவே இருந்தது. உத்தமனாயிருந்தும் பெருந்துன்பம் அடைந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். அவனுடைய துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

அயலாரின் கண்ணீரில் நமக்கு ஒரு பாடம் உண்டென்றால், அது அவர்களைப் பற்றியது அல்ல. அவர்களுக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக ஆள் இருக்கிறதா, மருத்துவமனையில் இரவு துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

கேள்வி: தகப்பனார் சொத்தைப் பிரித்ததில் என் அண்ணனுக்கு அதிகம் போய்விட்டது. ஒரே ஆலயத்தில் ஆராதிக்கிறோம், ஆனால் பேசிக்கொள்வதில்லை. இதன் மூலம் தேவன் எனக்கு என்ன கற்பிக்கிறார்?

பதில்: இதில் மறைபொருள் எதையும் தேட வேண்டாம், தம்பி. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது. 18ஆம் அதிகாரத்தில், உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால், நீ போய், தனித்திருக்கையில் அவனிடம் சொல் என்றிருக்கிறது. குறை யாருடையதாக இருந்தாலும், எழுந்து போக வேண்டியவர் நீங்கள்தான். இது கடினமான வார்த்தை என்பதை அறிந்தே சொல்கிறேன்.

போவது என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது என்று பொருள் அல்ல. நியாயமான பங்கைக் கேட்கலாம். இருவரும் மதிக்கும் மூத்த விசுவாசி ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம். கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியபோது, சகோதரருக்குள் தீர்ப்புச் சொல்லத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களிடம் இல்லையா என்று பவுல் கேட்டது இப்படிப்பட்ட பிணக்குகளுக்காகத்தான். ஆனால் சொத்தைப் பிரித்துத் தரும்படி ஒருவன் கேட்டபோது, ஆண்டவர் அந்த வழக்கில் தலையிட மறுத்து, பொருளாசையைக் குறித்தே எச்சரித்தார் என்பதையும் (லூக்கா 12) மறவாதீர்கள். அண்ணன் வீட்டுக்குப் போகும் முதல் நாளில் பத்திரங்களைக் கொண்டுபோகாதீர்கள். அண்ணி, பிள்ளைகள் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தும்போது என் வீட்டு நிகழ்ச்சிகளை உதாரணமாகச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், யாரைப் பற்றியதோ அவருடைய சம்மதத்தோடு. உங்கள் மகள் பொய் சொல்லி அகப்பட்டதை அவளுடைய தோழிகளின் முன்னால் சொன்னால், அவள் அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு வர விரும்பமாட்டாள்.