கொரியாவின் ஜோசன் வம்சத்து ஜொங்ஜோ மன்னரின் அப்பா சாதோவா, ஹ்யோஜாங்கா? இரண்டு வம்ச மரங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றனவே என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் சரிதான். ரத்த வழியில் சாதோ, சட்ட வழியில் ஹ்யோஜாங். நீங்கள் பார்த்த இரண்டு வம்ச மரங்களில் ஒன்று பிறப்பைக் காட்டுகிறது, மற்றொன்று தத்தைக் காட்டுகிறது.

காரணம் இதுவாகத்தான் இருக்கும்: 1762-இல் யொங்ஜோ மன்னர் தன் மகன் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார், அவர் உள்ளேயே இறந்தார். தண்டிக்கப்பட்டவரின் மகன் அரியணை ஏறினால் உரிமைக்கே களங்கம் என்பதால், 1764-இல் பேரன் ஜொங்ஜோவை, தன் மூத்த மகன் ஹ்யோஜாங்கின் தத்துப் பிள்ளையாக ஆக்கினார். ஹ்யோஜாங் இறந்தது 1728-இல். அதாவது அந்தப் பையன் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பே! ஆனால் ஜொங்ஜோ 1776-இல் பட்டத்துக்கு வந்ததும், 'நான் சாதோவின் மகன்' என்றே அறிவித்தார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடம் மனதை உலுக்குகிறது.

எந்த மரம் எது என்று அறிய, அம்மா பெயரைப் பாருங்கள். புங்சான் ஹோங் குலத்து ஹ்யெக்யொங் என்றிருந்தால் பிறப்பு வழி. புங்யாங் ஜோ குலத்து ஹ்யோசுன் என்றால் தத்து வழி.

அப்புறம், பெயர்களில் கவனம். ஹ்யோஜாங்கே ஜின்ஜோங்; சாதோவே ஜாங்ஜோ. இரண்டும் இறந்தபின் தந்த பட்டங்கள், இருவரும் ஆளவில்லை. சாதோவுக்கு அது கிடைத்ததே 1899-இல்தான்.

வம்ச மரத்தைப் பின்னாளில் ஆண்ட கோஜோங் மன்னர் வரை வரைவதாக இருந்தால் இன்னும் நிதானம் தேவை. அவருடைய தாத்தா நாம்யொன் இளவரசரும் தத்து வந்தவர்தான். சாதோவின் மகன் உன்சினுக்கு வாரிசாக வந்தவர். தத்துக் கோட்டைப் புள்ளிக்கோடாக வரைந்துவிடுங்கள்.