ட்ரைபாடுக்கு இஎம்ஐ போடும் முன் கார்டு பாக்கியைப் பாருங்கள்

கேள்வி: வயது 29. திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் வேலை, கைக்கு ரூ.34,000 வருகிறது. எல்லாச் செலவும் போக மாதம் ரூ.5,000 மிஞ்சும். அவசரத்துக்கென்று சேமிப்புக் கணக்கில் ரூ.40,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் ரூ.11,000 பாக்கி; மினிமம் டியூ (குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டி வருகிறேன். கேனான் ஆர்50 கேமராவும், 18-45, 55-210 லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் நண்பர்களோடு ஹம்பி போகிறோம். பயணத்துக்கு ஏற்ற, எடை குறைந்த ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) வேண்டும். ரூ.1,400-க்கு ஒன்று, ரூ.8,000-க்கு அலுமினியத்தில் ஒன்று, ரூ.24,000-க்கு கார்பன் ஃபைபரில் ஒன்று பார்த்தேன். மூன்றாவதுக்கு ஆறு மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ உண்டு. வட்டிதான் இல்லையே, அதையே எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வட்டி இல்லை என்பதும் சரியில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, மீதிக்கு வங்கி உங்களிடம் வட்டி போடுகிறது. ஆண்டுக்கு 16% என்று வைத்துக்கொண்டால், மாதம் ரூ.4,000 வீதம் ஆறு தவணையில் வட்டி மட்டும் சுமார் ரூ.1,080. அது தள்ளுபடியில் சரியாகிவிடும். ஆனால் அதன் மேல் வரும் 18% ஜிஎஸ்டி, ஏறத்தாழ ரூ.195, உங்கள் தலையில்தான். செயல்முறைக் கட்டணம் ரூ.199 என்றால் வரியோடு ரூ.235. ஆக ரூ.430 கூடுதல்.

ரூ.430 பெரிய தொகை இல்லை. உங்கள் விஷயத்தில் வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. இஎம்ஐ தவணை முழுவதும் ஒவ்வொரு மாதமும் மினிமம் டியூவில் சேர்ந்துகொள்ளும். இப்போது சில நூறு ரூபாய் கட்டித் தப்பிக்கிறீர்கள். அடுத்த பில்லில் அது ரூ.4,500-ஐத் தாண்டும். மிஞ்சுவதோ ரூ.5,000. ஒரு மாதம் சறுக்கினாலும் தாமதக் கட்டணம், சிபில் மதிப்பெண் (கடன் நம்பகத்துக்கான மதிப்பெண்) சரிவு என்று வரிசையாக வரும்.

அந்த ரூ.11,000 பாக்கி இப்போதே என்ன செய்கிறது என்று பாருங்கள். மாதம் 3.5% வட்டி என்றால் ரூ.385, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.454. நோ காஸ்ட் இஎம்ஐயின் ஆறு மாத மறைமுகச் செலவை நீங்கள் ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 42% வட்டி ஓடும்போது, பக்கத்திலேயே ரூ.40,000 சொற்ப வட்டிக்குத் தூங்குகிறது. அதிலிருந்து ரூ.11,000 எடுத்து இன்றே பாக்கியைத் தீருங்கள். அடுத்த பில்லிலும் சிறு வட்டி ஒன்று வரும். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது. அதையும் கட்டினால்தான் கணக்கு முடியும். தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பிறகு மாதம் ரூ.3,500 அவசர நிதிக்கு, ரூ.1,500 ட்ரைபாடுக்கு. நான்காம் மாதம் அவசர நிதிக்கு ரூ.500 போட்டால் எடுத்த ரூ.11,000 நிரம்பிவிடும்; அந்த மாதம் மீதமாகும் ரூ.4,500-ஐயும் சேர்த்தால் ட்ரைபாடுக்கு ரூ.9,000 சேர்ந்திருக்கும். நான்கு மாதத்துக்காக ஆர்டி (தொடர் வைப்பு) தொடங்க வேண்டாம், தனி சேமிப்புக் கணக்கே போதும்.

அந்த ரூ.9,000-க்கு எதை வாங்குவது? உங்கள் கேமரா பேட்டரியோடு 375 கிராம், 55-210 லென்ஸ் 270 கிராம். மொத்தம் 645. தாங்கும் எடை இதைப்போல மூன்று மடங்கு இருந்தால் போதும், அதாவது இரண்டு கிலோ. விளம்பர எண்களை அப்படியே நம்ப முடியாது என்பதால் 5 கிலோ என்று போட்டிருப்பதை எடுங்கள். ‘15 கிலோ தாங்கும்’ என்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கார்பன் ஃபைபரில் மிச்சமாவது எவ்வளவு? பீக் டிசைன் நிறுவனத்தின் பயண ட்ரைபாட் ஒரே வடிவில் இரண்டு வகையாக வருகிறது: அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.27 கிலோ. 2019-ல் வெளிவந்தபோது விலை சுமார் 350 டாலர், 600 டாலர். 290 கிராமுக்கு 250 டாலர்! வழியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்தால் அதைவிட அதிக எடை தோளிலிருந்து இறங்கிவிடும். அதிர்வு சீக்கிரம் அடங்குவது, குளிரில் கை சில்லிடாதது போன்ற நன்மைகள் கார்பனுக்கு உண்டு. நாள்கணக்கில் மலையேறுபவருக்கு அது தகும். உங்களுக்கு இப்போது தகாது.

ரூ.1,400 ட்ரைபாடும் வீண் செலவுதான். கால்களை நடுத்தண்டோடு இணைக்கும் சட்டம் இருப்பதால் ஒரு காலை மட்டும் தனியாக விரிக்க முடியாது. ஹம்பியின் பாறைகளில் அது நிற்காது. தலைப்பகுதி பிளாஸ்டிக். கேமராவை நிமிர்த்தி வைத்தால் மெல்லச் சரியும். கேமராவின் அடியில் திருகி ட்ரைபாடில் மாட்டும் ப்ளேட் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். தொலைந்தால் மொத்தமும் பரணுக்குப் போக வேண்டியதுதான்.

நடுவில் இருப்பதில் பார்க்க வேண்டியவை: எடை 1.3 முதல் 1.6 கிலோ, மடித்தால் 45 செ.மீ.க்குள்; ஒவ்வொரு காலும் நான்கு அடுக்கு. ஐந்து அடுக்கு என்றால் இன்னும் குட்டியாக மடியும், ஆனால் கடைசிக் குழாய் பென்சிலாகி நடுங்கும். நடுத்தண்டைத் தூக்காமல் 120-130 செ.மீ. உயரம் வந்தால் போதும். உங்கள் கேமராத் திரை திரும்பும், குனிய வேண்டியதில்லை. பால் ஹெட்டும் (கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்க உதவும் உருண்டைத் தலை), பல நிறுவனங்களின் ட்ரைபாடுகளுக்கும் பொதுவான ஆர்கா-ஸ்விஸ் வகை ப்ளேட்டும் இருக்கட்டும்.

கடையில் சோதிக்க உங்கள் கேமராவையே கொண்டுபோங்கள். கால்களை முழுக்க நீட்டி, 210-ல் ஜூம் வைத்து, திரையில் பிம்பத்தைப் பெரிதாக்கி, ஒரு காலை விரலால் தட்டுங்கள். ஓரிரு நொடியில் பிம்பம் அடங்கினால் வாங்கலாம். ஆடிக்கொண்டே இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பணம் சேர நான்கு மாதம் ஆகும் என்பதால், ஹம்பிக்கு வாடகை ட்ரைபாட் போதும். அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பார்கள். ‘போட்டோவுக்கு, பால் ஹெட்டோடு’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கல்யாண வீடியோவுக்கான கனத்த ட்ரைபாடைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று: விட்டல கோயில் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களுக்குள் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் எல்லாவற்றுக்கும் இதே விதி. போக நினைக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதி, எங்கெல்லாம் ட்ரைபாடை உண்மையில் விரிக்க முடியும் என்று குறியுங்கள். ஆண்டுக்கு நாலைந்து நாள்தான் தேறும் என்றால், வாங்குவதையே தள்ளிப்போட்டு வாடகையில் ஓட்டலாம்.

பயன்படுத்தும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். காற்றடித்தால் நடுத்தண்டுக் கொக்கியில் பையை மாட்டலாம். அது தொங்கி ஊசலாடாமல் அடிப்பக்கம் தரையைத் தொடட்டும். கடற்கரை மணலில் மெல்லிய கீழ்க் குழாயை முதலில் முழுக்க நீட்டுங்கள், பூட்டுகள் மணலுக்கும் உப்புநீருக்கும் மேலே இருக்கும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காயவைக்க வேண்டும்.

ப்ளேட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆர்50-ல் பேட்டரியும் மெமரி கார்டும் அடியில் ஒரே மூடிக்குள் இருக்கின்றன. அகலமான ப்ளேட் அந்த மூடியை மறைத்தால், ஒவ்வொரு முறையும் ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) தேடிக் கழற்ற வேண்டிவரும்.