கொப்பி நிறைய விதிகள்

அன்புள்ள ஐயா,

சிறுகதை எழுதும் ஆசையில் இரண்டு வருடமாகப் புனைவுக் கலையைக் கற்றுத்தரும் ஆங்கில நூல்களைப் படித்து வருகிறேன். முக்கியமானவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஃபிரைடாக்கின் கூம்பு, செக்கோவின் துப்பாக்கி, மூன்று அங்க அமைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால், முதல் பந்தியிலேயே எந்த விதியை மீறிவிட்டேனோ என்று பயம் வருகிறது. ஒரு கதையும் முடியவில்லை. அடுத்து எந்த நூலைப் படிக்கலாம்? தமிழில் இப்படி ஏதும் உண்டா? உரையாடலை யாழ்ப்பாணப் பேச்சில் எழுதினால் வெளியூர் வாசகருக்கு விளங்குமா? கையால் எழுதுவது நல்லதா, கணினியிலா?

ஒரு வாசகர், சாவகச்சேரி

தம்பி,

கையா கணினியா என்பது உங்கள் வசதி. அடுத்த நூல் எது என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடம் படித்தும் ஒரு கதை முடிக்காதவருக்கு இன்னொரு நூலின் பெயரைச் சொல்வது பாவம்.

ஒரு போட்டிக்கு வந்த சிறுகதைகளை வாசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது. எல்லாம் ஒழுங்கான கதைகள். முதல் வரியில் வாசகனை இழுக்க ஒரு பிணம் அல்லது நள்ளிரவுத் தொலைபேசி. நடுவில் ஒரு நெருக்கடி. கடைசியில் ஒரு திருப்பம். பிழை சொல்ல இடமில்லை. பெயர்களை மாற்றி ஒட்டிவிட்டால் எவர் எழுதியது எது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. இவர்களிடமும் ஒரு கொப்பி இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிறது என்று நீங்கள் உறுதிப்படுத்திவிட்டீர்கள்.

அந்தக் கொப்பியை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். குஸ்தாவ் ஃபிரைடாக் என்ற ஜெர்மானியர் 1863 இல் அந்தக் கூம்பை, அதாவது கதை ஏறி உச்சம் தொட்டு இறங்கும் படத்தை, வரைந்தது ஐந்து அங்க நாடகங்களுக்காக. ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் துப்பாக்கி பற்றி 1889 இல் கடிதம் எழுதியபோதும் மேடையைத்தான் சொன்னார்: சுடும் எண்ணம் இல்லையென்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்காதே என்று. மூன்று அங்கம் திரைக்கதைக்காரர்களிடமிருந்து வந்தது. மேடைக்கும் திரைக்கும் சொன்னதை எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கச் சிறுகதையின் தலையில் ஏற்றினால் அது எப்படி எழும்பி நடக்கும்?

தமிழில் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. உங்கள் பாட்டனார் மனப்பாடம் செய்திருப்பார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலின் பாயிரத்தில் பத்துக் குற்றங்கள் வருகின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கி, வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக நலிந்து முடிதல்), நின்று பயன் இன்மை என்று முடியும். நல்லூர் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு படியுங்கள். பவணந்தியார் இதைச் சாத்திர நூலுக்குச் சொன்னார், கதைக்கு அல்ல என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம். மேடை விதியைக் கதைக்கு இழுத்ததற்கு ஏசிவிட்டு நீங்களும் அதையேதானே செய்கிறீர்கள் என்று நீங்களும் கேட்கலாம். கேளுங்கள். அந்த ஆங்கில நூல்கள் எதைக் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கின்றன. இந்தப் பட்டியல், கட்டி முடித்ததில் எதை இடிக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. அழகு பத்தும் அதில் உண்டு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு பண்டிதர் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ் நகரில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்கும் வேலை பார்த்தேன். கையால் எழுத்துக் கோத்த காலம். அங்கே வயதான அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். இடக்கையில் இரும்புச் சட்டம். வலக்கை பார்க்காமலேயே அறை அறையாகப் போய் எழுத்தைப் பொறுக்கிவரும். ‘கொ’ என்று கோப்பதற்குக் கொம்பு ஒரு அறையில், ககரம் ஒரு அறையில், கால் இன்னொரு அறையில். ஒரு வீண் சொல் என்பது அவருக்கு ஐந்தாறு தரம் கை நீட்டும் வேலை. அச்சாகி முடிந்ததும் அத்தனையையும் பிரித்துத் திரும்ப அறைகளில் போடவும் வேண்டும். ஆகவே எழுத்தாளரின் ஒவ்வொரு ‘மிகவும்’, ‘உண்மையிலேயே’ என்பதையும் சொந்தப் பகை போல நினைப்பார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர், நன்னூலை விடவில்லை. “மிகைபடக் கூறல்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லில் பேனையால் வட்டமிட்டு ஆசிரியரிடம் அனுப்புவார். ஒரு தொடர்கதைக்காரரிடம் நேரே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “பெட்டியில் இருந்த ஆச்சரியக்குறி முடிந்துவிட்டது. உம்முடைய கதாநாயகி இனி ஆச்சரியப்படுவதென்றால் அடுத்த இதழில் படட்டும்.”

ஒருமுறை பங்குக் கிணற்றுச் சண்டை பற்றிய கதை ஒன்று வந்தது. இரண்டு சகோதரிகள், தண்ணீர் முறை யாருடையது என்று வழக்கு. மூத்தவள் வாளியைக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கம், பாசம், பங்கு, சீதனம் என்று விளக்கம். கிழவர் அந்த வாளியோடு கோப்பதை நிறுத்திவிட்டார். “கதை முடிந்துவிட்டது. மிச்சம் சென்று தேய்ந்து இறுகிறது” என்றார். எழுதியவர் கோபத்தில் அச்சகத்துக்கே வந்து கத்தினார். ஆசிரியர் வாசித்துப் பார்த்து வாளியோடுதான் வெளியிட்டார். அந்த எழுத்தாளர் அடுத்த கதையை ஆசிரியரிடம் கொடுக்குமுன் கிழவரிடம் கொண்டுவந்து நீட்டினார்.

மற்றொன்று விரிக்கிறேன் என்று தெரிகிறது. கேட்டவர் நீங்கள், இருந்து கேளுங்கள். கிழவர் அப்படிச் சொல்ல முடிந்தது அந்த இரண்டு பக்கமும் எழுதப்பட்டுக் கையில் இருந்ததால். அந்த எழுத்தாளர் விளக்கத்தை எழுதித் தீர்க்காமல் வாளிக்கு அப்பால் ஒன்றும் தேவையில்லை என்று எவருக்கும் தெரிந்திருக்காது, அவருக்கும் தெரிந்திருக்காது. நீங்களோ எழுதாத பந்தியைத் திருத்திக்கொண்டு இருக்கிறீர்கள். வெறுந்தாளில் மிகையும் இல்லை, குன்றலும் இல்லை. எந்த நூலால் அதில் குற்றம் காண முடியும்? முதல் படியை மோசமாக எழுதுங்கள். மூன்று பிணம் போடுங்கள், ஆச்சரியக்குறி போடுங்கள், கதையின் நீதியை நாலு பந்தியில் விளக்குங்கள். பிறகு உரத்து வாசியுங்கள். அச்சகத்தில் ஒப்புநோக்கும்போது நாங்கள் ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாசிக்க மற்றவர் அச்சுத்தாளைப் பார்ப்போம். பொய்யான வசனம் வரும்போது வாசிக்கிறவரின் குரல் தானாகவே வேகம் எடுக்கும், சீக்கிரம் கடந்துபோகப் பார்க்கும். அந்த இடங்களில் கோடு போடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் ஆங்கில நூல்களையும் திறக்கலாம். ஒரு சந்தேகத்தோடு போனால் அவையும் பயன்படும். எழுத்தாளர் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் கடையில் இருந்துகொண்டு 1966 இல் மல்லிகை இதழைத் தொடங்கினார். எந்தக் கூம்பைப் பார்த்துக் கதை எழுதினார் அவர்?

பேச்சுமொழி பற்றிக் கேட்டதை மறக்கவில்லை. அந்தச் சண்டை இங்கே 1960களிலேயே நடந்தது. கதையில் பேச்சுமொழி வருவதைப் பண்டிதர்கள் இழிசனர் வழக்கு, தாழ்ந்தவர் பேச்சு, என்று முகம் சுளித்தார்கள். எழுத்தாளர் கே. டானியலும் ஜீவாவும் அந்தப் பேச்சிலேயே எழுதிக்கொண்டே போனார்கள். தஞ்சாவூர்ப் பேச்சையும் நாகர்கோவில் பேச்சையும் நாங்கள் விசாரித்து விசாரித்துத்தான் படித்தோம். எங்களுக்கு யாரும் அடிக்குறிப்புப் போட்டுத் தரவில்லை. உங்கள் வாசகரும் கொஞ்சம் விசாரிக்கட்டும்.

கதை முடிந்ததும் அனுப்புங்கள். எட்டுப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். கண் முன்போல் இல்லை.