பம்பிங் சரியாக இருந்தும் ஹார்ட் ஃபெயிலியரா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. நெடுங்காலமாக ரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் உண்டு. சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. எக்கோ பரிசோதனையில் பம்பிங் 58 சதவீதம், இயல்பு என்று வந்தது. ஆனால் மருத்துவர் ஹார்ட் ஃபெயிலியர் என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர்தான். இதயச் செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிடப் போகிறது என்று அஞ்சுகிறோம். உண்மையில், உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப இயலாத நிலைக்கும், உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டுதான் அனுப்ப முடிகிறது என்ற நிலைக்கும் அதுவே பெயர்.

பம்பிங் என்று நாம் சொல்வது, இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்ற கணக்கு. எந்த இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. எனவே 58 சதவீதம் என்றால் மீதி 42 கெட்டுவிட்டது என்று பொருளல்ல. இந்த அளவு 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சுருங்கும் ஆற்றல் குறைந்த வகை. 41 முதல் 49 வரை இடைப்பட்ட வகை. 50 அல்லது அதற்கு மேல் இருந்தும் அறிகுறிகள் தோன்றுவது மூன்றாவது வகை. தங்கள் தாயாருக்கு இருப்பது இந்த மூன்றாவது வகை என்று தோன்றுகிறது. பல்லாண்டு ரத்தக் கொதிப்பை எதிர்த்து உழைத்த தசை தடித்து விறைத்துப்போகிறது. நன்றாகச் சுருங்கினாலும் தளர்ந்து விரிய மறுக்கிறது. விரியாத அறையில் ரத்தம் நிரம்ப அழுத்தம் கூடியாக வேண்டும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலைத் தாக்கும்போது மூச்சு வாங்குகிறது. வலப்பக்கமும் சோர்ந்தால் காலிலும் வயிற்றிலும் நீர் கோத்துக்கொள்கிறது. பம்பிங் அளவை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்வது, என் கருத்தில், இந்நோயில் நேரும் மிகப் பெரிய தவறு.

தாயார் இரவில் எப்படி உறங்குகிறார் என்று கவனியுங்கள். படுத்ததும் காலில் தேங்கிய நீர் ரத்தத்தில் கலந்து மார்புக்குத் திரும்புவதால், ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என்று அடுக்கத் தோன்றும். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேரும். பலர் இதை முதுமை என்றோ சளி என்றோ ஒதுக்கிவிடுகிறார்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெதுவாக மறைகிறதா என்றும் பாருங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். அசையாமல் இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, இளஞ்சிவப்பு நுரையுடன் இருமல் வந்தாலோ அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டாண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தினார்கள். இப்போது ஒரு தொல்லையும் இல்லை. எனக்கும் ஹார்ட் ஃபெயிலியர் வருமா?

பதில்: வரும் வாய்ப்பு பிறரைவிட உங்களுக்கு அதிகம். ஸ்டென்ட், அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கிறதே தவிர, மாரடைப்பில் இறந்துபோன தசையை உயிர்ப்பிப்பதில்லை. அவ்விடம் தழும்பாகி, எஞ்சிய தசை கூடுதல் சுமையைத் தாங்கி, சில ஆண்டுகளில் அறை விரிந்து தொய்வடையக்கூடும். அதைத் தடுக்கவே மாத்திரைகள் தரப்படுகின்றன. தொல்லை இல்லை என்று தாமாக நிறுத்திவிடாதீர்கள். புகை, மிகையான மது, உடற்பருமன், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உங்கள் அபாயத்தைக் கூட்டும். வால்வுக் கோளாறு, சீரற்ற துடிப்பு, தைராய்டு நோய், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் இந்நோய்க்கு வழிவகுப்பவையே. பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: மூட்டுவலிக்கு நாமாக வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகளில் பல, உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, அதுவரை சமாளித்துவந்த இதயத்தையும் தள்ளாட வைத்துவிடும். அடுத்த முறை முதுகு வலித்தால், மருந்துக் கடைக்குச் செல்லும் முன் உங்கள் இதய மருத்துவரைக் கேளுங்கள்.