பெரிய கப்பல் எங்கெல்லாம் போகாது

தம்பி, டிசம்பரில் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, "இருப்பதிலேயே பெரிய, புதிய கப்பலாகப் பார்த்து" நான்கு இரவு கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை வாடகை, மகளின் பள்ளி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கு ஒரே பதில்: சமையலறையைப் பயன்படுத்தலாமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு இங்கே செல்லாது. பள்ளிக்குக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தைப் பாருங்கள். உல்லாசக் கப்பலுக்கு வருகிறேன். சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் சேர்த்து வைத்த முதல் காசை இழப்பது பெரும்பாலும் இதில்தான். எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான், நான் உட்பட.

முதலில் அந்த "டன்" கணக்கு. 1,69,000 டன் என்று விளம்பரத்தில் பார்த்தால் அது எடை என்று நினைக்காதீர்கள். கப்பலின் மூடிய இடங்களின் கொள்ளளவைக் குறிக்கும் எண் அது. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 2019இல் வந்தது, 1,69,379 டன், அறைக்கு இருவர் கணக்கில் சுமார் 4,250 பேர். தலைக்கு 40 வருகிறது. ஸ்டார் வாயேஜர் 1997இல் கட்டியது, டான் பிரின்சஸ் என்ற பெயரில் பிறந்தது, 77,441 டன், சுமார் 2,000 பேர். தலைக்கு 39. கப்பல் இரண்டு மடங்கு பெரிது, உங்கள் அம்மாவுக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ அதேதான். கூடுவது சாப்பாட்டு வரிசையும் லிஃப்ட் வாசல் கூட்டமும்.

ஆனால் அந்தப் பெரிய உடம்பு கப்பலின் போக்கிடத்தை மாற்றிவிடுகிறது. கப்பல் நிறுவனத்தில் வழித்தடம் போடுகிறவர்கள் வரைபடத்தில் அழகான ஊரைத் தேடித் தொடங்குவதில்லை. இந்த நீளம், இந்த உயரம், இத்தனை தலை, இதை எந்தத் துறை தாங்கும் என்றுதான் தொடங்குகிறார்கள். பலரும் நினைப்பதுபோல் ஆழம் பெரிய தடை இல்லை. ராட்சத உல்லாசக் கப்பலும் நீருக்குள் எட்டரை ஒன்பது மீட்டர்தான் இறங்கும், கன்டெய்னர் கப்பல் அதைவிட ஆழமாக இறங்கும். தடை உயரத்திலும் நீளத்திலும் காற்றிலும் இருக்கிறது.

உயரத் தடைக்கு உதாரணமாக நம் ஹார்பர்ஃபிரண்ட் முனையமே போதும். தலைக்கு மேலே செந்தோசா கேபிள் கார் ஓடுவதால் நீர்மட்டத்திலிருந்து 52 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கப்பல் அங்கே வர முடியாது. 1983 ஜனவரி 29 அன்று எனிவெட்டோக் என்ற துளையிடும் கப்பலின் கோபுரம் அந்தக் கேபிளில் மாட்டியது. கூண்டுகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தத் துறையில் உயரத்தை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 75,000 டன் சூப்பர்ஸ்டார் விர்கோ காலத்தில் ஹார்பர்ஃபிரண்ட் கம்பீரமாக இருந்தது. கப்பல்கள் அதைத் தாண்டி வளர்ந்ததால்தான் உயரத் தடையில்லாத மரீனா சவுத் முனையம் 2012இல் வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: டிக்கெட்டில் எந்த முனையம் என்று படியுங்கள். ஒன்று ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி, மற்றது மரீனா சவுத் பியர் எம்ஆர்டி. பெட்டியோடு தவறான இடத்தில் போய் நின்று டாக்ஸி தேடும் குடும்பங்களை விடுமுறைக் காலத்தில் தவறாமல் பார்க்கலாம்.

நீளத்துக்கு வாருங்கள். துறைமுகத்துக்குள் கப்பல் திரும்ப வட்டமான நீர்ப்பரப்பு வேண்டும். கப்பல் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விட்டம் என்பது பொதுக் கணக்கு. 347 மீட்டர் ஸ்பெக்ட்ரத்துக்கு 500 முதல் 700 மீட்டர். ஆற்றுத் துறைக்குள் இதற்கு இடமேது? பேங்காக் நகருக்குள் உள்ள குளோங் தோய் துறைக்குச் சாவோ பிரயா ஆற்றில் ஏற வேண்டும். அங்கே சுமார் 172 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் மிதப்பாழம் (நீருக்குள் இறங்கும் ஆழம்) வரைதான். ஆகவே உங்கள் விளம்பரத்தில் "பேங்காக்" என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது லெம் சபாங்கில். அங்கிருந்து நகருக்கு 120 கிலோமீட்டருக்கு மேல், நெரிசலில் போக இரண்டு மணி, வர இரண்டரை மணி. "ஹோ சி மின் நகரம்" என்றால் பெரிய கப்பல் நிற்பது பூ மீ துறையில். ஆற்றின் குறுக்கே 2009இல் வந்த பாலத்தின் அடியில் 45 மீட்டர்தான் இடைவெளி, அதன் கீழ் நுழையும் சிறிய கப்பல்தான் ஊருக்குள் போகும். "கோலாலம்பூர்" என்றால் கிள்ளான் துறைமுகம், ஒரு மணி நேரப் பேருந்து. அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத்தான் ஊர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். 347 மீட்டர் நீளம், நீருக்கு மேல் சராசரி 35 மீட்டர் உயரம் என்றால் பக்கவாட்டில் 12,000 சதுர மீட்டர் சுவர். 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) காற்று அதன்மேல் ஏறத்தாழ 175 டன் விசையில் அழுத்தும். காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பக்கவாட்டு உந்திகளும் இழுவைப் படகுகளும் தாங்காது என்று கேப்டன் நினைத்தால் துறையைத் தாண்டிப் போய்விடுவார். ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவருக்கு உண்டு. பெரும்பாலும் துறைமுக வரியைத்தான் திருப்பித் தருவார்கள். கப்பலின் வரவேற்பு முகப்பில் நின்று சண்டை போடும் நம் ஆட்களைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். கத்தி ஒன்றும் கிடைக்காது, அங்கே இருக்கும் பெண்ணுக்கு அதில் அதிகாரமும் இல்லை.

உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட முக்கியமானது டெண்டர் படகு. புக்கெட்டுக்குப் போகும் பெரிய கப்பல்கள் வழக்கமாகப் பத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுப் பயணிகளைச் சிறு படகில் கரைக்கு அனுப்புகின்றன. கோ சாமுய்யும் அப்படித்தான். படகுக்கு 120 பேர், ஆறு படகு, போய்வர 40 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 1,080 பேர். 4,000 பேர் இறங்க மூன்றே முக்கால் மணி, ஏறவும் அவ்வளவு. ஒன்பது மணி நேர நிறுத்தத்தில் கடைசிப் படகில் இறங்குகிறவருக்குக் கடற்கரையில் கால் நனைக்கத்தான் நேரம். கப்பலிலிருந்து ஆடும் மேடைக்கு, மேடையிலிருந்து ஆடும் படகுக்கு, இரண்டு தரம் கால் மாற்ற வேண்டும். அலை அரை மீட்டர் எழுந்தாலும் முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சோதனை. சக்கர நாற்காலியைப் பல கப்பல்களில் படகில் ஏற்றவே மாட்டார்கள். முன்பதிவுக்கு முன் ஒவ்வொரு துறைக்கும் "கரையில் கட்டுவீர்களா, டெண்டரா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

டெண்டர் நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1926இல் கட்டிய ராஜுலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கப்பல் வெளியே நங்கூரத்தில் நிற்கும், ஆளும் மூட்டையும் படகில் போய் ஏறும். பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது, 1980களில் தீ விபத்தோடு அதுவும் நின்றது. மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வாரம் படுத்து வந்தவர்களின் பேரன்கள் இன்று பால்கனி அறை கிடைக்கவில்லை என்று முறையிடுகிறார்கள். இருக்கட்டும்.

இனி வேகம். இங்கிருந்து பினாங்கு ஏறத்தாழ 370 கடல்மைல். 18 நாட் வேகத்தில் இருபதரை மணி நேரம். மாலை 5க்குக் கிளம்பினால் மறுநாள் மதியம் ஒன்றரைக்குத்தான் சுவெட்டன்ஹாம் படகுத்துறை. 22 நாட் வேகத்தில் ஓடினால் காலை 10க்கே சேரலாம், ஆனால் அதே தூரத்துக்கு எரிபொருள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எஞ்சின் சக்தி வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதால் இப்படி. அதனால்தான் பினாங்கு நிறுத்தம் மதியத்துக்குப் பிறகே வாய்க்கிறது. ஆனாலும் உங்கள் பெற்றோருக்கு அதுதான் நல்ல துறை. கரையிலேயே கட்டுவார்கள், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பத்து நிமிட நடை, குவீன் தெரு மாரியம்மன் கோயில் அங்கேயே. மதியம் நடை சாத்தியிருக்கும், மாலையில் போங்கள்.

கப்பலின் வயதுக்கு வருகிறேன். "பழைய கப்பல்" என்று முகம் சுளிப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். நூறு கோடி டாலரைத் தாண்டும் புதிய கப்பல் கடனோடு பிறக்கிறது. ஒரு வாரம் காலியாக ஓடினாலும் கையைக் கடிக்கும். எனவே ஏற்கெனவே கூட்டம் வரும் தடத்தில், நிச்சயமாகக் கட்ட முடிகிற துறைகளுக்குத்தான் அதை விடுவார்கள். சிங்கப்பூரைத் தளமாக அறிவித்த டிஸ்னி அட்வென்சர் 2,08,000 டன், சுமார் 6,700 பேர். அதற்கு அறிவித்த மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் வேறு துறையே கிடையாது, கடலில் சுற்றித் திரும்புவதுதான். கப்பலே ஊர். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், அப்பாவுக்கு மூன்றாம் நாள் அலுக்கும்.

கடன் தீர்ந்த பழைய கப்பலைத்தான் புதிய துறைக்குத் துணிந்து அனுப்ப முடியும். இதற்கு நல்ல உதாரணம் எம்ப்ரஸ். 1990இல் கட்டியது, 48,563 டன், 211 மீட்டர். ஹவானாவின் பழைய துறைக்குள் பெரியவை நுழைய முடியாததால், அமெரிக்கப் பயணிகளுக்குக் கியூபா திறந்தபோது அந்தச் சிறு கிழவியைத் திரும்ப அழைத்து வந்தார்கள். 2019 ஜூனில் அமெரிக்க அரசு அந்தப் பயணங்களைத் தடுத்தது, கப்பல் கைமாறியது. அதே கப்பல்தான் கோர்டீலியா பெயரில் 2022இல் சென்னையிலிருந்து ஓடியது, 2023 ஜூனில் காங்கேசன்துறைக்குப் போனது. 350 மீட்டர்க் கப்பலைக் காங்கேசன்துறையில் எங்கே கட்டுவது?

வயதின் கெட்ட பக்கமும் உண்டு. பழைய கப்பலில் பால்கனி குறைவு, அறைக்கு ஒன்றிரண்டு பிளக்தான், குளியலறையில் திரைச்சீலை. கடல்நீரைக் குடிநீராக்கும் பழைய இயந்திரங்கள் எஞ்சின் வெப்பத்தில் ஓடுபவை, மெதுவாகப் போனால் தண்ணீர் உற்பத்தி குறையும். சுத்திகரிக்காத கழிவை 12 கடல்மைலுக்கு அப்பால்தான் விட முடியும். அதனால் கரையோரமாகத் துறை துறையாகத் தாவும் தடம் அவற்றுக்குக் கஷ்டம். பயணிகள் கப்பலின் அடிப்பாகத்தை ஐந்து ஆண்டில் இரண்டு முறை நீருக்கு வெளியே சோதிக்க வேண்டும். செம்பவாங் கப்பல் பட்டறை அதற்குப் பெயர் பெற்றது. பட்டறையிலிருந்து வந்த கப்பலின் முதல் பயணத்தில் பெயின்ட் வாடையும் பூட்டிய நீச்சல் குளமும் இருக்கலாம். கட்டணம் திடீரென்று குறைந்திருந்தால் அந்தத் தேதியைப் பட்டறைத் தேதியோடு ஒப்பிடுங்கள்.

டிசம்பர் என்றீர்கள். அப்போது தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று, சாமுய், வியட்நாம் பக்கம் ஆட்டம் அதிகம். மலாக்கா நீரிணைப் பக்கம் அமைதி. எனவே பினாங்குத் தடம். புக்கெட்டும் சேர்ந்திருந்தால் அங்கே அம்மா கப்பலிலேயே இருக்கட்டும், அன்று கூட்டமே இருக்காது. கப்பல் நடுத்தரமாக இருந்தால் போதும். அறை நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பிடுங்கி வைப்பார்கள். "எனக்கு விட்டார்கள்" என்று சொல்லும் பழைய ஆட்களை நம்பாதீர்கள். சைவச் சாப்பாட்டை முன்பதிவிலேயே குறித்துவிடுங்கள்.

கடைசியாகத் தாள் வேலை. கப்பல் ஏறினால் பெற்றோர் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. அவர்கள் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் முனையத்திலேயே நிறுத்துவார்கள். வியட்நாம் தடமென்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா முன்கூட்டியே வேண்டும், கரையில் இறங்காவிட்டாலும் கேட்கலாம். திரும்புவதற்கு முன் மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையைக் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் போலித் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்கிறதா என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.