கொழும்புக் கடல் சேற்றில் புது அன்டிபயோட்டிக் கிடைக்குமா?

'கடலடிச் சேற்றுப் பக்டீரியாவிலிருந்து புது அன்டிபயோட்டிக் எடுக்க இறுதியாண்டு ஆய்வு போதுமா?' என்பது கேள்வி.

உங்கள் மேற்பார்வையாளர் தலைப்புக் கேட்டு நெருக்குகிறார் போல. சரி, கிருமி வளர்க்கும் தட்டில் வளையம் கிடைக்கும், அதாவது உங்கள் பக்டீரியாவைச் சுற்றி மற்றக் கிருமி வளராத வெற்று வட்டம். மருந்து கிடைக்காது.

2022 தொடக்கத்தில், முகத்துவாரத்தில் ஒரு மீனவ அண்ணரின் வள்ளத்தில் போய்ச் சேறு அள்ளினேன். றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர, பக்கத்து ஆன்ட்டி "என்ன மீன் தம்பி?" என்றார்.

முதல் தடவை எல்லாத் தட்டிலும் பசிலஸ் என்ற வேகமாய்ப் பரவும் பக்டீரியா பாய் விரித்துவிட்டது. சேற்றைக் காயவைத்து, 55 பாகையில் சூடாக்கி, அகாரை (பக்டீரியா வளர்க்கும் ஜெலியை) கடல்நீரில் காய்ச்சிய பிறகுதான், மூன்றாம் கிழமை சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல, அன்டிபயோட்டிக் சுரப்பதில் பேர்போன ஸ்ட்ரெப்டோமைசிஸ் பக்டீரியா முளைத்தது. மூடியைத் தூக்கினால் முதல் மழை வாசம். (மூக்கை வைக்காதீர்கள், நான் வைத்தேன்.) அதில் ஒன்று, நோய்க்கிருமியான ஸ்டெபிலோகொக்கஸ் வளர்த்த தட்டில் 14 மில்லிமீற்றர் வளையம் போட்டது. அன்றிரவு நித்திரையே இல்லை.

மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. உறைய வைத்திருந்த குப்பிகள் எல்லாம் உருகின. கையில் மிஞ்சிய தட்டிலிருந்து மாற்றி மாற்றி வளர்த்தேன். பக்டீரியா நன்றாகத்தான் வளர்ந்தது, வளையம்தான் வரவில்லை. இந்தச் சாதி அப்படித்தான், திரும்பத் திரும்ப மாற்றினால் உற்பத்தியை நிறுத்திவிடும். இன்னொரு பிரதியை வேறிடத்தில் வைக்காதது என் பிழைதான், பின்னூட்டத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வளையம் நிலைத்திருந்தாலும் அது ஏற்கெனவே தெரிந்த பழைய அன்டிபயோட்டிக்கான அக்டினோமைசினாகவே இருந்திருக்கலாம். ஆகவே வளையம் கண்டதும் துள்ளாமல், பக்டீரியா எந்த இனம் என்று காட்டும் 16எஸ் மரபணுவையும், அதன் சாற்றின் மூலக்கூற்று நிறையையும் பாருங்கள். ஜப்பான் கடலில் 289 மீற்றர் ஆழச் சேற்றுப் பக்டீரியா தந்த அபிஸோமைசின் என்ற அன்டிபயோட்டிக் புத்தம் புதுசு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெபிலோகொக்கஸையே அடக்கியது. 2004இல் வெளிவந்தது, இன்னும் பாமசிக்கு வரவில்லை.

பாமசி என்றதும் வயிறு எரிகிறது. நாங்கள் சேற்றில் கிடந்து தேட, எங்கள் தெருக் கடைக்காரர் டொக்டர் துண்டே கேட்காமல் தடிமனுக்கு அமொக்சிசிலின் அன்டிபயோட்டிக் நாலு குளிசை எண்ணிக் கொடுக்கிறார். தடிமன் வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது. கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன? அம்மா இரண்டை விழுங்கிவிட்டு, மற்ற இரண்டையும் 'அடுத்த தடிமனுக்கு' என்று பிரிட்ஜில், என் சேற்று மாதிரிக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.