கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வேற்று மதத்தவருக்குப் பாகுபாடு இருக்குமா? அதைத் தடுக்க அங்கே வழி உண்டா?

நியமனக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அப்படியொரு பல்கலைக்கழகத்தில் பதினோரு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான், கிறிஸ்தவன் அல்லன். கடைசி மூன்று ஆண்டுகள் பாகுபாடு தடுப்புக் குழுவிலும் இருந்தேன். என்னை மதம் மாற்ற எவரும் முயலவில்லை. பதிலைப் படிக்காமலே பின்னூட்டத்துக்கு ஓடிவருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதல் குட்டு விண்ணப்பப் படிவத்தில் விழுந்தது. 'பங்கு' என்றொரு கட்டம், அதாவது எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர் என்பது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. 'இல்லை' என்று தட்டிவிட்டேன். வேலை கிடைத்தது. அதன்பிறகு ஆண்டுதோறும் பணியாளர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'பங்கு: இல்லை' என்று ஏதோ ஊர்ப்பெயர் போல அச்சாகி வந்தது. "இல்லைப் பங்குக்காரர் வந்துவிட்டார்" என்று அருட்தந்தையர்களே சிரிப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்தக் கட்டத்தை நீக்க வைக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன.

எல்லா வேறுபாட்டையும் பாகுபாடு என்று நான் சொல்லமாட்டேன். கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் திருச்சபையின் அனுமதி வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அந்தப் பணியிடம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று நான் அழ முடியாது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் வெளியிட்ட 'எக்ஸ் கோர்தே எக்ளேசியே' என்ற ஆவணம், கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்கிறது. ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. முதல் வரி நிர்வாகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாவதை நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

ஒருமுறை என் பாடத்தின் இறுதித் தேர்வு நோன்புப் பெருநாளன்று வந்துவிட்டது. ஒரு மாணவன் வந்து தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டான். "ஒரு நாள்தானே, காலையில் தொழுதுவிட்டு வந்து எழுதிவிடு" என்று சொல்லி அனுப்பியது எந்தப் பாதிரியாரும் இல்லை, நான்தான். சிறுபான்மையினருக்குச் சலுகை காட்டுகிறான் என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். பெரிய வெள்ளிக்கிழமையில் அங்கே எந்தத் தேர்வும் நடக்காது என்பது அன்றிரவு படுத்தபிறகுதான் உறைத்தது.

மறுநாள் குழுவைக் கூட்டச் சொன்னேன். நாட்டின் சமத்துவச் சட்டத்தைக் காட்டியபோது ஒருவரும் அசையவில்லை. அட்டவணை ஏற்கெனவே ஒப்புதல் பெற்றுவிட்டதாம். பிறகு கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 29-ஆம் பத்தியை வாசித்தேன். பால், இனம், நிறம், சமூக நிலை, மொழி, மதம் ஆகியவற்றின் பெயரால் அடிப்படை உரிமைகளில் காட்டப்படும் பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கு முரணானது, அது களையப்பட வேண்டும் என்கிற பகுதி. மூலையில் கண்ணயர்ந்திருந்த வயதான அருட்தந்தை ஒருவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். "இதைப் போய் இவர் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே" என்றார். அத்துடன் விவாதம் முடிந்தது.

வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அட்டவணை மாறவில்லை, அவனுக்கு மட்டும் இரண்டு நாள் கழித்துத் தனித்தேர்வு. வேறு அறை கிடைக்காததால் சிற்றாலயத்தை ஒட்டிய சாமான் அறையில் ஒரு மேசை போட்டார்கள். மெழுகுவர்த்திப் பெட்டிகள், சென்ற கிறிஸ்துமஸ் குடிலின் பொம்மைகள், மூன்று ஞானியர், காது உடைந்த ஒட்டகம். நான்தான் கண்காணிப்பாளர். "நல்லவேளை சார், ஒட்டகமாவது துணைக்கு இருக்கிறது" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய நிறுவனங்களும் மெதுவாகத்தான் நகர்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைக் கடனிலிருந்து மீட்க, அதை நடத்திய இயேசு சபைத் துறவிகள் 1838-இல் 272 அடிமைகளை விற்றார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு மாணவர் சேர்க்கையில் முன்னுரிமை என்ற அறிவிப்பு வந்தது 2016-இல். அதே பல்கலைக்கழகம் 1999-லேயே முஸ்லிம் மாணவர்களுக்கென முழுநேர இமாம் ஒருவரை நியமித்திருந்தது. இரண்டும் ஒரே வளாகத்தின் கதைதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் நான் தொகுப்பூதியக்காரன். விடுமுறை மாதங்களில் ஒரு காசு கிடையாது. கத்தோலிக்கர், முஸ்லிம், கடவுளை நம்பாதவர் என்று பார்க்காமல் எங்கள் அனைவருக்கும் சம்பளத்தை ஒரே சீராகத் தாமதித்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் பாகுபாடே இல்லை. அதற்கென்று ஒரு குழுவும் இல்லை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் மதத்தைப் பற்றி அந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அப்படியே இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, பன்னிரண்டு மாதச் சம்பளமா பத்து மாதச் சம்பளமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.